கனோபல்ஸ்: வாசலில் காசு கேட்காத பூங்கா

போன கோடையில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். அவர் எந்த ராட்டினத்திலும் ஏற மாட்டார், பேத்தி ஏறுவதைப் பார்த்தால் போதும். அதற்கு முன் போன ஒரு பெரிய பூங்காவில், பைகளை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கும் முழு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. அது எனக்கு ஆறவே இல்லை. அதனால் இந்த முறை நியூ ஜெர்சியிலிருந்து காரை எடுத்துக்கொண்டு பென்சில்வேனியாவில் எலிஸ்பர்க் பக்கம் இருக்கிற கனோபல்ஸ் என்ற பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனோம்.

நுழைவுக் கட்டணம் இல்லை, பார்க்கிங்கும் இலவசம், எதில் ஏறுகிறோமோ அதற்கு மட்டும் டிக்கெட். மரங்களுக்கு நடுவே நடந்துபோனால் பூங்கா எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் உள்ளே வந்துவிடுகிறோம். "நிஜமாவே எனக்குக் காசு வாங்கலையா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார்.

1828-இல் கனோபல் குடும்பம் வாங்கிய நிலம் இது. பின்னாளில் ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரை வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் ஓடையில் குளிக்க வர, அந்தக் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டித் தீனி போட்டுத் தேய்த்துவிட 25 சென்ட் வாங்கியிருக்கிறார் குடும்பத்துப் பெரியவர். 1926 ஜூலை 4-ஆம் தேதி நீச்சல் குளம் கட்டித் திறந்தார்கள், அன்றிலிருந்துதான் பூங்காவின் கணக்கு. இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. அந்த ஓடையே 1972-இலும் 2011-இலும் வெள்ளமாக வந்து பூங்காவை மூழ்கடித்திருக்கிறது. இரண்டு முறையும் சேற்றை வாரிக் கொட்டிவிட்டுத் திரும்பத் திறந்திருக்கிறார்கள்.

எனக்கு இவர்கள் மேல் மரியாதை வந்ததற்குக் காரணம், மற்ற ஊர்களில் வேண்டாம் என்று விட்டதை இவர்கள் எடுத்து வாழவைப்பதுதான். ஃபீனிக்ஸ் என்ற மர ரோலர் கோஸ்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1947-இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ராக்கெட் என்ற பெயரில் கட்டியது. அந்தப் பூங்கா 1980-இல் மூடிவிட்டது. கட்டை கட்டையாக எண் போட்டுக் கழற்றி, அங்கிருந்து இத்தனை தூரம் லாரியில் கொண்டுவந்து, 1985-இல் இங்கே மறுபடி ஓடவிட்டார்கள். நானும் மகளும் ஏறினோம். கிளம்பியதும் ஒரு நீளமான இருட்டுக் குகை, பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியாது, சக்கரச் சத்தம் மட்டும்தான். அப்புறம் ஏற்றம். மடிக்குக் குறுக்கே ஒரே ஒரு கம்பி, அதுவும் இறுக்கிப் பிடிக்காது, அதனால் ஒவ்வொரு மேட்டிலும் இருக்கையை விட்டு நிஜமாகவே எழும்பிவிடுகிறோம். இறங்கிய பிறகும் மகள் என் கையை விடவில்லை.

கடைசியாகக் குதிரை ராட்டினம். 1913-இல் செய்தது, 63 மரக் குதிரைகள், நியூ ஜெர்சியின் ராவே ஊரில் இருந்த பூங்காவிலிருந்து வாங்கி வந்தது. ஓரத்துக் குதிரையில் உட்கார்ந்தால், சுற்றிவரும்போது வெளியே கை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கருவியிலிருந்து வளையத்தை எட்டி உருவலாம். கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் இரும்பு வளையம்தான், நடுநடுவே ஒரு பித்தளை வரும், அது யார் கையில் சிக்குகிறதோ அவருக்கு இன்னொரு சுற்று இலவசம். அமெரிக்காவில் இப்படி வளையம் பிடிக்கிற ராட்டினம் இன்று மிகச் சிலதுதான் மிச்சம்.

மகளுக்கு எட்டவில்லை. இரண்டு சுற்றும் வெறுங்கையோடு இறங்கி உதட்டைப் பிதுக்கினாள். அம்மா பைகளை என்னிடம் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓரத்துக் குதிரையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முதல் தடவை தவறிவிட்டது. அடுத்த தடவை ஒரு விரலை மட்டும் கொக்கி மாதிரி வளைத்துப் பிடித்து இழுத்தார், வந்துவிட்டது. மொத்தம் நான்கு வளையம், நான்கும் இரும்பு. இறங்கி வந்தவர் கையில் எண்ணெயும் துருவும் கலந்த கருப்புக் கறை. அதைப் பார்த்தார், ராட்டினத்தைப் பார்த்தார்.

"இன்னொரு டிக்கெட் எடு" என்றார்.