மறு: ‘கிரவுண்ட் கிளாஸ்’ – தரைக்கண்ணாடி வேண்டாம், மென்மூட்டம் என்போமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

நெதர்லாந்தில் வாழும் நம் ஈழத்து நண்பர் தன் தாயாரின் நெஞ்சு சிடி ஸ்கேன் அறிக்கையிலிருந்து ஒரு வரியைப் போட்டுத்தான் இந்த இழையைத் தொடங்கினார். அறிக்கை டச்சில் இருக்கிறது. சென்னையில் உள்ள மருத்துவருக்கு அதை ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும். தாயாருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். நுரையீரல் படத்தில் மங்கலாகத் தெரியும் இடத்தைக் குறிக்கும் ‘மட்கிளாஸ்’ (ஆங்கிலத்தில் ‘கிரவுண்ட் கிளாஸ்’) என்ற சொல்லில் இரண்டு வேலையும் நின்றுபோயின. டச்சு மருத்துவக் கடிதங்களை ஆங்கிலமாக்குவது என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> டச்சும் ஆங்கிலமும் அக்காள் தங்கை மொழிகள்தாமே? ஆங்கிலமாக்குவதில் என்ன சிரமம்?

அக்காள் தங்கை என்பதால்தான் சிரமம். டச்சு மருத்துவர் நோயாளிக்குப் பெரும்பாலும் வீட்டுச் சொல்லையே சொல்லுவார். லத்தீன் அறிக்கைக்குள் இருக்கும். ‘ஹார்ட்ஃபில்ம்பியே’ என்று கடிதத்தில் வரும். சொல்லைப் பிரித்தால் ‘குட்டி இதயப் படம்’. எக்கோவில், அதாவது இதய அல்ட்ராசவுண்டில், ஓடும் காட்சி என்று நினைத்து மொழிபெயர்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வெறும் இ.சி.ஜி. அந்தக் கருவிக்கு வழிவகுத்த ஐந்தோவன் லைடன் நகரில் வேலைபார்த்தவர், 1924இல் நோபல் பெற்றவர். அவருடைய நாட்டிலேயே அதற்கு இப்படி ஒரு செல்லப் பெயர்.

‘ஸ்லொக்டார்ம்எக்கோ’ இன்னும் மோசம். ‘ஸ்லொக்டார்ம்’ என்றால் உணவுக்குழாய். ‘உணவுக்குழாய் அல்ட்ராசவுண்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினால், படிக்கும் மருத்துவர் நோயாளிக்கு விழுங்குவதில் ஏதோ கோளாறு என்று நினைப்பார். உண்மையில் பார்ப்பது இதயத்தை. உணவுக்குழாய் இதயத்தின் இடது மேலறைக்கு ஒட்டிப் பின்னால் போகிறது. ஆய்வுகோலை விழுங்கவைத்து அங்கிருந்து பார்த்தால் விலா எலும்பும் நுரையீரலும் குறுக்கே வராது. தமிழில் ‘உணவுக்குழாய்வழி இதய எக்கோ’ என்றால் போதும். ‘வழி’ என்ற இரண்டெழுத்தை விட்டால் உறுப்பே மாறிவிடும்.

‘லோங்ஃபோட்டோ’, அதாவது நுரையீரல் போட்டோ, ஆங்கிலத்தில் நெஞ்சு எக்ஸ்ரே ஆகவேண்டும். ‘பூஸம்’ என்பதற்கு அகராதி முதலில் தருவது மார்பு. இதயத்தைப் பற்றிய கடிதத்தில் அது மேலறை. ‘டொட்டரன்’ என்று ஒரு வினை உண்டு: அடைபட்ட தமனியைப் பலூன் வைத்து விரிப்பது. 1964இல் அமெரிக்காவில் காலின் தமனி ஒன்றை முதன்முதலில் பலூன் இல்லாமல் குழாய் செலுத்தியே திறந்த சார்லஸ் டாட்டரின் பெயரையே வினைச்சொல்லாக்கிவிட்டார்கள். இதயத் தமனியில் பலூனை முதலில் விரித்தவர் 1977இல் சூரிச்சில் குருண்ட்சிக். பாவம், அவர் பெயருக்கு விகுதி கிடைக்கவில்லை.

இடைச்செருகலாக ஒன்று. தமனிக்கு டச்சில் ‘ஸ்லாக்ஆடர்’. ‘ஸ்லாக்’ அடி, துடிப்பு, ‘ஆடர்’ இரத்தக்குழாய். இலங்கைப் பாடநூல்கள் தமனியை ‘நாடி’ என்கின்றன. தமிழ்நாட்டில் நாடி என்றால் கைபிடித்துப் பார்க்கும் துடிப்பு மட்டும்தான் என்று எண்ணி அதைப் பழிப்பவர்கள் டச்சுக்காரரிடமும் சண்டைக்குப் போகலாம்.

> ‘கிரவுண்ட் கிளாஸ் ஒப்பேசிட்டி’க்கு ‘தரைக்கண்ணாடி ஒளிபுகாமை’ என்று ஒரு கோப்பில் பார்த்தேன். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வேண்டாம். இரண்டு சொல்லும் தப்பு. அந்தக் ‘கிரவுண்ட்’ தரை அல்ல, அரைபட்டது, தேய்க்கப்பட்டது. பொடி போட்டுத் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி அது. டச்சுக்காரர் ஆங்கிலத்தைப் பார்த்து எழுதவில்லை. பளபளப்பில்லாத கண்ணாடிக்குத் தம் வீட்டில் வழங்கும் ‘மட்கிளாஸ்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார். ஜெர்மானியர் பால்கண்ணாடி என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் மெருகு போக்கிய கண்ணாடி என்கிறார்கள். அவரவர் சன்னல் அவரவருக்கு. நாமோ அந்தக் கண்ணாடியைக் கடையில் ‘ஃப்ராஸ்டட்’ என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். பெயரே ஊன்றாத பொருளை உவமையாக்கி என்ன பயன்?

‘ஒளிபுகாமை’ அதைவிடப் பெரிய வம்பு. இங்கே ஒளிக்கு வேலையே இல்லை. எக்ஸ் கதிர் எவ்வளவு தடைபடுகிறது என்பதுதான் கணக்கு. அதோடு, இந்தத் தோற்றத்தின் அடையாளமே ஊடே தெரிவதுதான். சிடியில் நுரையீரலின் ஒரு பகுதி மங்கலாக வெளுத்திருக்கும்; ஆனால் அதற்குள் ஓடும் இரத்தக்குழாய்களின் விளிம்பும் மூச்சுக்குழல்களின் சுவரும் தெரியும். அவையும் மறைந்துபோனால் அது வேறு: டச்சில் ‘கொன்சோலிடாட்சி’, ஆங்கிலத்தில் ‘கன்சாலிடேஷன்’. ஊடே தெரிகிற ஒன்றுக்குப் ‘புகாமை’ என்று பெயர் வைத்தால் படிப்பவர் எதைப் புரிந்துகொள்வார்?

ஆகவே என் முன்மொழிவு: மட்கிளாஸுக்கு மென்மூட்டம், கன்சாலிடேஷனுக்குத் திண்மூட்டம்.

மார்கழிக் காலையில் பனிமூட்டத்துக்குள் தென்னைமரம் மங்கலாகத் தெரிகிறது; அதுவே அடர்ந்துவிட்டால் மரம் காணாமல் போகிறது. கதிரியக்க மருத்துவர் பார்க்கும் வேறுபாடு இதேதான். கண்ணாடிக் கடைக்குப் போகவே வேண்டாம்.

> மூட்டம் வானிலைச் சொல் அல்லவா? நுரையீரல் என்றதும் புகைமூட்டம் நினைவுக்கு வந்து, புகைபிடித்ததால் வந்தது என்று நோயாளி அஞ்சமாட்டாரா?

மேகமூட்டம், பனிமூட்டம், புகைமூட்டம் என்று முன்னால் என்ன சேர்கிறதோ அதைப் பொறுத்து மூட்டம் மாறுகிறது. தனியே அது மூடியிருக்கும் நிலை மட்டும்தான். காரணத்தைச் சொல்லாமல் தோற்றத்தை மட்டும் சொல்லும் சொல்தான் நமக்கு வேண்டும். ஏனென்றால் இந்தத் தோற்றம் தொற்றிலும் வரும், நீர்கோத்தாலும் வரும், இரத்தக் கசிவிலும் வரும். ‘இன்ஃபில்ட்ரேட்’ (ஊடுருவல்) என்ற சொல் ஆளுக்கொரு பொருளில் வழங்குவதால், நெஞ்சுப் படங்களை ஆராயும் வல்லுநர்களின் ஃபிளெய்ஷ்னர் சங்கம் தன் 2008 சொற்பட்டியலில் அதைத் தவிர்க்கச் சொன்னது. டச்சு அறிக்கைகளில் ‘இன்ஃபில்ட்ராட்’ இன்னும் தாராளமாக வருகிறது, பெரும்பாலும் நிமோனியா என்ற பொருளில். ஆங்கிலமாக்கும்போது அதை அப்படியே ஒலிபெயர்த்துவிட்டு நகர்வது சோம்பேறித்தனம். நம் குழுமத்தின் சொற்பட்டியலில் இருக்கும் ‘ஊடுருவல்’ என்பதையும் எடுத்துவிடலாம்.

> திண்மூட்டம் என்பது முரண் இல்லையா? கன்சாலிடேஷனில் காற்றறைகள் நிரம்பிக் கெட்டிப்பட்டுவிடுகின்றன. ‘திண்மை’ போதாதா?

மருத்துவத் தோழியின் இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. நோய்க்கூற்றியலில் (பேத்தாலஜியில்) ‘திண்மை’ நன்றாகவே பொருந்தும். நான் பேசுவது படத்தில் தெரிவதைப் பற்றி. இந்த இரண்டும் ஒரே ஸ்கேனில் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. நாலைந்து நாளில் ஒன்று மற்றொன்றாக மாறவும் செய்கிறது. இரட்டைச் சொல்லாக இருந்தால் அந்த உறவு காதில் விழும். குழுமம் ‘மென்மூட்டம், திண்மை’ என்று முடிவெடுத்தாலும் நான் கொடிபிடிக்க மாட்டேன்.

நெதர்லாந்து விஷயம் நமக்கெதற்கு என்று கேட்டிருந்தவருக்கு: 2021இல் நம் ஊர் சிடி அறிக்கைகளில் ‘கோ-ராட்ஸ்’ என்று ஓர் எண் வந்ததே, அது 2020இல் நெதர்லாந்து கதிரியக்கவியல் சங்கம் வகுத்த அளவுகோல். கோவிட் இருப்பதற்கான ஐயம் எவ்வளவு என்று சொல்வது அதன் வேலை. 1 என்றால் மிகக் குறைவு, 5 என்றால் மிக அதிகம், 6 என்றால் பரிசோதனையில் உறுதியானது. நோயின் கடுமையைச் சொல்ல 25க்கு இத்தனை என்று வேறொரு மதிப்பெண் அதே தாளில் இருந்தது. என் உறவினர் ஒருவர் ‘கோ-ராட்ஸ் 5’ என்பதைப் பார்த்து நுரையீரலின் ஐந்து மடலும் போய்விட்டன என்று இரவெல்லாம் தூங்கவில்லை. அவருடைய கடுமை மதிப்பெண் மிகக் குறைவு. அந்த 5ஐக் கொடுக்கவைத்ததே இரு பக்கமும் ஓரங்களில் படர்ந்த மட்கிளாஸ்தான்.

டச்சில் ‘ஸ்லாயரிங்’ என்று ஒரு சொல்லும் இருக்கிறது. ‘ஸ்லாயர்’ என்றால் முகத்திரை. சாதாரண எக்ஸ்ரேயில், அதுவும் படுக்கையிலேயே வைத்து எடுத்த படத்தில், நுரையீரலுறை நீர் பின்பக்கம் பரவி ஒரு பக்கம் முழுவதும் மெல்லிய திரை விழுந்தாற்போல் தெரியும்போது எழுதுவார்கள். ஆங்கிலத்திலும் திரை என்றே வைப்பேன். இதை மென்மூட்டத்தோடு கலக்கக்கூடாது. ‘திரைமங்கல்’ என்று தனியாக இருக்கட்டும்.

நண்பர் அனுப்பிய வரியில் சொற்களைப் பொருத்திப் பார்க்கிறேன்:

‘இரு நுரையீரல்களிலும் ஓரப் பகுதிகளில் மென்மூட்டம். திண்மூட்டம் இல்லை. நுரையீரலுறையில் நீர் இல்லை. இதயம் பெருக்கவில்லை.’

தாயாருக்குப் படித்துக்காட்டி, அவர் என்ன கேட்டார் என்று எழுதுங்கள். மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். திண்மூட்டத்துக்குள் கறுப்பாகக் கிளைவிட்டுத் தெரியும் காற்று நிறைந்த மூச்சுக்குழல்களுக்கு இன்னும் பெயர் இல்லை. ‘காற்றுக்கிளை’ என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன், அதற்குத் தனி இழை திறக்கிறேன்.

அன்புடன்