லங்காஸ்டர் கவுன்ட்டியில் 22 பேருக்கு மீட்டிங், கூடவே ஊர் சுற்றல்: சனி முதல் திங்கள் வரை போட்ட திட்டம் ஏன் இடிக்கிறது?

எடிசன்வாசி:
வணக்கம். அக்டோபரில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் கவுன்ட்டியில் டீம் மீட்டிங். 14 பேர் நியூ ஜெர்சியின் எடிசன் பக்கத்திலிருந்து, 8 பேர் பிலடெல்பியாவிலிருந்து வருகிறார்கள். ஏழு பேர் சுத்த சைவம்.

சனி மதியம் 2 முதல் 6 வரை ஒரு பழைய பண்ணைக் களஞ்சியத்தில் மீட்டிங். ஞாயிறு ஆமிஷ் (பழைய முறையில் எளிமையாக வாழும் கிறிஸ்தவப் பிரிவினர்) கிராமங்கள், கைவினைக் கடைகள், பண்ணைச் சாப்பாடு. திங்கள் காலை லங்காஸ்டர் நகரத்தின் பழைய சந்தையான சென்ட்ரல் மார்க்கெட் பார்த்துவிட்டுக் கிளம்புவது. ஞாயிற்றுக்கிழமைக்கு எந்த இடமும் புக்கிங் எடுக்க மாட்டேன் என்கிறது. களஞ்சியத்தில் "15 ஆம்பியர் லைன் ஒன்றுதான்" என்கிறார்கள். அது போதுமா? திட்டத்தில் எதை மாற்ற வேண்டும்?

பென்ஸ்கொயர்:
ஞாயிறு, திங்கள் இரண்டுமே தவறான நாட்கள். ஆமிஷ் மக்கள் ஞாயிறு வியாபாரம் செய்வதில்லை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் யாராவது ஒருவர் வீட்டில் வழிபாடு நடக்கும், இடைப்பட்ட ஞாயிறுகளில் உறவினர் வீட்டுக்குப் போவார்கள். குயில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) கடை, மரச்சாமான் கடை, சாலையோரக் காய்கறி மேசை எல்லாம் மூடியிருக்கும். ஆமிஷ் அல்லாதவர்கள் நடத்தும் உணவகங்களிலும் பல அன்று லீவு.

சென்ட்ரல் மார்க்கெட் செவ்வாய், வெள்ளி, சனி மட்டும்தான். விடியற்காலையிலேயே திறந்து பிற்பகலில் சாத்திவிடுவார்கள். 1889-இல் கட்டிய செங்கல் கட்டடம் அது. திங்களன்று போனால் வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

வியாழன் மதியம் முதல் சனி மதியம் வரை வைக்க முடியுமானால் எல்லாம் சரியாகிவிடும். அக்டோபர் கடைசிக்குத் தள்ளினால் ஒன்றைக் கவனியுங்கள்: அப்போது கல்யாண சீசன் தொடங்கும். செவ்வாயும் வியாழனும் முகூர்த்த நாட்கள் என்பதால் அன்றும் சில ஆமிஷ் கடைகள் திறக்காது.

மூன்றாம்சர்க்யூட்:
மின்சாரத்துக்குக் கணக்கு போட்டுப் பாருங்கள். 120 வோல்ட், 15 ஆம்பியர் என்றால் 1,800 வாட். தொடர்ந்து எடுக்கும் லோடை 80 சதவீதத்தில், அதாவது 1,440 வாட்டில் நிறுத்த வேண்டும். 22 லேப்டாப்புக்கு 65 வாட் சார்ஜர் என்றால் அதுவே 1,430. அதன்மேல் பெரிய காபி அர்ன் (மின்சாரக் காபிப் பாத்திரம், தோராயமாக 1,500 வாட்) போட்டால் பிரேக்கர் விழும், புரொஜெக்டரும் சேர்ந்து அணையும்.

தேவை மூன்று தனி சர்க்யூட்: லேப்டாப்புக்கு ஒன்று, காபிக்கு ஒன்று, திரைக்கும் மைக்குக்கும் ஒன்று. "எத்தனை பிளக் பாயின்ட்" என்று கேட்காதீர்கள், "எத்தனை பிரேக்கர், எது எந்த பாயின்ட்டுக்கு" என்று கேளுங்கள். ஒரே பிரேக்கரில் பத்து பாயின்ட் இருக்கலாம்.

இன்னொன்று, பழைய களஞ்சியங்களில் பலகை இடுக்கு வழியாக வெயில் திரையில் கோடு கோடாக விழும். புரொஜெக்டரை விட்டுவிட்டுப் பெரிய டிவி கேளுங்கள். வைஃபையின் அப்லோட் வேகத்தை மீட்டிங் நடக்கும் அதே நேரத்தில் சோதித்து அனுப்பச் சொல்லுங்கள். அக்டோபர் சாயங்காலம் குளிரும், ஹீட்டர் வைத்தால் அதற்கும் தனி லைன் வேண்டும்.

என் கருத்து: வேலையை நகரத்தில் வைத்துக்கொண்டு களஞ்சியத்தை இரவு விருந்துக்கு மட்டும் எடுங்கள்.

எடிசன்வாசி:
நன்றி. வியாழன் கிடைக்காது. வெள்ளி முதல் ஞாயிறு வரை என்றால் முடியும். ஞாயிறை என்ன செய்வது?

பென்ஸ்கொயர்:
அப்படியானால் வரிசையை மாற்றுங்கள். வெள்ளி 11 மணிக்குள் வந்து, மார்க்கெட்டிலேயே மதியச் சாப்பாடு. எதிரிலேயே மேரியட் ஹோட்டல், மாநாட்டு மையத்தோடு சேர்ந்தது. வாட் அண்ட் ஷாண்ட் என்ற பழைய பல்பொருள் கடையின் முகப்பை அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் புதிதாகக் கட்டி 2009-இல் திறந்தார்கள். 2 முதல் 6 வரை மீட்டிங். 22 பேர் யு வடிவில் உட்கார 800 சதுர அடியாவது வேண்டும், "30 பேர் கொள்ளும்" என்பது பெரும்பாலும் நாற்காலி வரிசைக் கணக்கு. ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச உணவுச் செலவையும், எத்தனை அறை குறைத்தால் அபராதம் இல்லை என்பதையும் பாருங்கள்.

சனி காலை மீட்டிங், பிற்பகல் 340-ஆம் சாலையில் பேர்ட்-இன்-ஹேண்ட் என்ற ஊர்ப் பக்கம். கடைகள் சனி சாயங்காலம் 5 மணியளவில் மூடத் தொடங்கும், அதனால் கடை முதலில், வயல் சாலைகள் பிறகு.

ஞாயிறு ஸ்ட்ராஸ்பர்க் ஊருக்குப் போங்கள். 1832-இல் உரிமம் பெற்ற ரயில் பாதை, நீராவி இன்ஜின், பாரடைஸ் என்ற ஊர் வரை போய்த் திரும்ப 45 நிமிடம். எதிரே பென்சில்வேனியா ரயில்வே மியூசியம். குழு டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள், அக்டோபர் ஞாயிறு நிரம்பிவிடும். பாரடைஸில் ஆம்ட்ராக் (நாடு முழுக்க ஓடும் பயணிகள் ரயில்) நிற்காது. வீட்டுக்கு லங்காஸ்டர் ஸ்டேஷன் வந்துதான் ஏற வேண்டும்.

கீஸ்டோன்பயணி:
எடிசன்காரர்களுக்குப் பக்கத்து மெட்ரோபார்க் ஸ்டேஷனில் நிற்கும் ஆம்ட்ராக்கின் கீஸ்டோன் ரயில் நேராக லங்காஸ்டர் வரும். எல்லா கீஸ்டோனும் அங்கே நிற்காது, பார்த்து எடுங்கள். பிலடெல்பியா ஆட்கள் 30-வது தெரு ஸ்டேஷனில் அதே வண்டியில் ஏறிக்கொள்ளலாம், அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம். அங்கே ரயில் திசை மாறிப் பின்பக்கமாகக் கிளம்பும், புதியவர்கள் தப்பான வண்டி என்று இறங்கிவிடாமல் சொல்லிவையுங்கள்.

சனி, ஞாயிறு உள்ளூர்ப் பயணத்துக்கு டிரைவரோடு 24 சீட் மினி பஸ். ஊபரை நம்ப வேண்டாம், கிராமத்துக்குப் போக கிடைக்கும், திரும்பக் கிடைக்காது. சனி பிற்பகல் அவுட்லெட் கடைகளால் 30-ஆம் சாலை நகராது, 340 வழியாகவே போகச் சொல்லுங்கள்.

சைவச்சாப்பாடு:
அந்த ஏழு பேருக்காக: பண்ணை விருந்தில் காய்கறியும் அசைவமாகத்தான் இருக்கும். பச்சை பீன்ஸில் பன்றி இறைச்சித் துண்டு, நூடுல்ஸில் கோழிச் சாறு, ஷூஃப்ளை பை (வெல்லப்பாகு இனிப்பு) மாவில் லார்ட் என்ற பன்றிக் கொழுப்பு இருக்கலாம். "வெஜிடேரியன் உண்டா" என்றால் இந்த பீன்ஸைத்தான் காட்டுவார்கள். "இறைச்சித் துண்டு, சாறு, லார்ட் மூன்றும் வேண்டாம்" என்று பெயர் சொல்லி எழுதிக் கேளுங்கள். சௌ-சௌ என்ற காய்கறி ஊறுகாய், ரொட்டி, ஆப்பிள் பட்டர் பெரும்பாலும் பிரச்சினையில்லை. பல இடங்களில் மது கிடையாது, அதையும் குழுவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

எடிசன்வாசி:
மிக்க நன்றி. வெள்ளி–ஞாயிறு என்று முடிவு செய்துவிட்டேன். ஆமிஷ் மக்களைப் போட்டோ எடுக்கலாமா?

பென்ஸ்கொயர்:
முகம் தெரிய எடுக்காதீர்கள், போஸ் கொடுக்கச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். அவர்கள் நம்பிக்கைக்கு விரோதம். வயல், களஞ்சியம், மூடு பாலம் (கூரை போட்ட மரப் பாலம்) எடுக்கலாம். குதிரை வண்டி மணிக்கு 10 மைல் அளவில்தான் போகும். மேட்டிலும் வளைவிலும் முந்தாமல் பின்னாலேயே வரச் சொல்லுங்கள். ஹார்ன் அடித்தால் குதிரை மிரளும், பஸ் டிரைவரிடம் ஏறும்போதே இதைச் சொல்லுங்கள்.