சீல் மாற்றத் தெரிந்தும் பம்பைச் சரிசெய்யத் தெரியவில்லை

பம்ப் பராமரிப்புக்குப் புதிதாக வருபவர்களைத் தயார்செய்வது என் வேலை. பல வருடங்கள் அதைப் பாடம் பாடமாகத்தான் நடத்தினேன். திங்கள் பேரிங், செவ்வாய் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி ஒழுகாமல் தடுக்கும் பாகம்), புதன் ஷாஃப்ட் அலைன்மென்ட் (மோட்டார், பம்ப் தண்டுகளை ஒரே கோட்டில் நிறுத்துவது), வியாழன் அதிர்வு, வெள்ளி தேர்வு. பெரும்பாலும் எல்லோரும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடுவார்கள்.

அப்படிப் பயிற்சி முடித்து இரண்டு மாதமான ஒரு பையன், ஒழுகிக்கொண்டிருந்த பம்ப் ஒன்றில் சீலை மாற்றினான். பத்து நாளில் மறுபடி ஒழுகல். மறுபடி புது சீல். மூன்றாவது முறை நான் போய்ப் பார்த்தேன். மோட்டார் ஷாஃப்டும் பம்ப் ஷாஃப்டும் ஒரே கோட்டில் இல்லை. எத்தனை சீல் போட்டாலும் அது தேய்ந்துதான் போகும்.

"அலைன்மென்ட் பார்க்கவில்லையா?" என்றேன்.

"சார், ஒழுகினது சீல்தானே? வகுப்பில நீங்க சொன்ன மாதிரியேதான் மாத்தினேன்."

அவன் சொன்னதில் தவறே இல்லை. அலைன்மென்ட் தேர்விலும் அவன் நன்றாகச் செய்தவன்தான். புதன்கிழமை கற்றதைச் செவ்வாய்க்கிழமைக் கோளாறோடு சேர்த்துப் பார்க்க ஒருமுறைகூட நான் அவனுக்கு இடம் கொடுத்ததில்லை. நின்றுபோன பம்ப், தான் எந்தப் பாடத்தைச் சேர்ந்தது என்று சொல்லிக்கொண்டா நிற்கும்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் நெதர்லாந்தைச் சேர்ந்த யெரூன் வான் மெரியன்பூரும் அவரது சக ஆய்வாளர்களும் 1992-இல் முன்வைத்த, பயிற்சிகளை அமைப்பதற்கான நான்கு கூறு வடிவமைப்பைத் தேடிப் படித்தேன். அதில் முதலில் வருவது முழு வேலை: புகார் வருகிறது, காரணத்தைக் கண்டுபிடி, சரிசெய், எழுதி ஒப்படை. மற்ற மூன்றும், அதாவது பின்னணி விளக்கம், செய்யும் நேரத்தில் தேவைப்படும் வழிமுறை, தனியாகப் பழக வேண்டிய கைவேலை ஆகியவை, அந்த முழு வேலையைச் சுற்றித்தான் அமைகின்றன.

உற்சாகத்தில் ஒரு பெரிய தவறு செய்தேன். முதல் நாளே மூன்று கோளாறுள்ள பம்பின் முன்னால் புதிதாக வந்தவர்களை நிறுத்தி, "கண்டுபிடியுங்கள்" என்றேன். திகைத்துப்போய் நின்றார்கள். கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: விடையைத் துழாவுவதிலேயே மனதின் கொள்ளளவு தீர்ந்துவிட்டால், கற்றுக்கொள்ள மிச்சம் இருக்காது. முழு வேலை என்றால் முதல் நாளே மிகக் கடினமான வேலை என்று நான் எடுத்துக்கொண்டதுதான் பிழை.

இப்போது எளிய முழு வேலையில் தொடங்குகிறோம். ஒரே கோளாறு, சின்ன பம்ப், சத்தமில்லாத இடம். ஆனாலும் புகாரிலிருந்து ஒப்படைப்புவரை எல்லாமே அதில் இருக்கும். முதல் பம்பை அனுபவமுள்ள மெக்கானிக் சரிசெய்வார். எதைச் சந்தேகித்தார், ஏன் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார் என்பதையும் வாய்விட்டுச் சொல்வார். இரண்டாவதில் சோதனைகள் பாதிவரை முடிந்திருக்கும், மீதியை அவர்கள் முடிக்க வேண்டும். கடைசி பம்பில் யாரும் உதவ மாட்டோம். அடுத்த நிலையில் ஒன்றோடொன்று பின்னிய இரண்டு கோளாறுகள் வரும். அங்கே உதவியை மறுபடி முழுதாகக் கொடுத்து, மறுபடி படிப்படியாகக் குறைக்கிறோம். ஒரு நிலையைத் தாண்டிவிட்டார்கள் என்று அடுத்த நிலையிலும் கைவிட்டுவிடக் கூடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு குழுக்கள் ஆயின.

ஒரே நிலைக்குள்ளும் பம்புகள் ஒரேமாதிரி இருக்காது. ஒன்றில் புகாரே அரைகுறையாக எழுதப்பட்டிருக்கும். இன்னொன்றில் சீல் ஒழுகும், அலைன்மென்ட் சரியாகவே இருக்கும், குற்றம் நிஜமாகவே சீலில்தான். இது மிக முக்கியம். இல்லாவிட்டால் ஒழுகல் என்றாலே அலைன்மென்ட் என்று அடுத்த மூடப் பழக்கம் வந்துவிடும்.

மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடும் வரிசை ஒரு அட்டையில் பம்ப் பக்கத்திலேயே தொங்கும். அதைத் தனி வகுப்பாக எடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் செய்தே பழகுகிறார்கள். அலைன்மென்டை அளக்கும் டயல் கேஜை மட்டும் தனியாக, கை தானாகப் போகும்வரை பழகவைக்கிறோம். அதுவும் எதற்காக என்பதை ஒரு முழு வேலையில் பார்த்த பிறகுதான்.

தேர்வையும் மாற்றினோம். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தாள் போய்விட்டது. முன்பின் பார்க்காத ஒரு பம்ப், ஒரு புகார்ச் சீட்டு, அவ்வளவுதான். போன குழுவில் ஒரு பெண் ஒழுகும் பம்பின் முன்னால் வந்து நின்றார். பூட்டுப் போட்டார். சீல் பக்கம் போவதற்கு முன் என்னிடம் திரும்பி, "சார், இதுல சீல் கடைசியா எப்போ மாத்தினாங்க? அதுக்கு முன்னாடி எப்போ?" என்று கேட்டார்.