மைஸ்பேஸ் வருகை எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி: மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தை ஃபேஸ்புக் முந்திய ஆண்டு 2008 என்று ஒரு கட்டுரையும் 2009 என்று இன்னொன்றும் இணையப் பயன்பாட்டை அளவிடும் காம்ஸ்கோர் நிறுவனத்தின் தரவைக் காட்டியே கூறுகின்றன. எது சரி?

பதில் 1: இரண்டும் சரியே. தனி வருகையாளர் எண்ணிக்கையில் (ஒருவர் பலமுறை வந்தாலும் ஒரு முறையே எண்ணப்படுவார்) உலக அளவில் 2008-லும், அமெரிக்காவில் 2009 மே மாதத்திலும் ஃபேஸ்புக் முந்தியது. எந்த நாட்டுக்கான எண் என்று குறிப்பிடாத வரைபடத்தை நான் ஏற்பதில்லை.

பதில் 2: பக்கப் பார்வைகளை, அதாவது பக்கங்கள் எத்தனை முறை திறக்கப்பட்டன என்ற எண்ணிக்கையை, ஒப்பிடுவதில் இன்னும் கவனம் தேவை. மைஸ்பேஸில் சிறு செயலுக்கும் முழுப் பக்கமே மீண்டும் திறந்ததால் பார்வைகள் பெருகின. பக்கத்தை மாற்றாமலே உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கும் அஜாக்ஸ் முறையில், பயன்பாடு குறையாமலே அந்த எண் சரியக்கூடும் என்பதால்தான், இன்னொரு அளவீட்டு நிறுவனமான நீல்சன் நெட்ரேட்டிங்ஸ் 2007-ல் தளங்களில் செலவிடப்படும் மொத்த நேரத்துக்கு முதலிடம் அளித்தது.

பதில் 3: பதிவுக் கணக்குகளின் எண்ணிக்கையையும் ஒதுக்கிவிடுங்கள், கைவிடப்பட்ட கணக்குகளும் அதில் நீடிக்கின்றன.