சூப்புக்கு வீட்டிலேயே முட்டை நூடுல்ஸ்: மெஷின் இல்லாமல் முடியுமா? சூப்பில் ஊறிக் குழையாமல் இருக்குமா?

நீராவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சூப்பில் போடும் முட்டை நூடுல்ஸை வீட்டிலேயே செய்யலாம் என்று இருக்கிறேன். கோழி எலும்பு வேகவைத்த தண்ணீர், கொஞ்சம் காய்கறி, மிளகு என்று தெளிவாக ஒரு சூப் வைப்பேன், அது எனக்கு நன்றாகவே வரும். அதில் பாக்கெட் நூடுல்ஸைப் போட்டதும் மொத்த சூப்பும் பாக்கெட் ருசிக்கு இறங்கிவிடுகிறது, அதுதான் பிரச்சினை.

தேடிப் பார்த்தால் ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள். ஒருவர் முழு முட்டை என்கிறார், இன்னொருவர் மஞ்சள் கரு மட்டும்தான் என்று சத்தியம் செய்கிறார், வேறொருவர் பால், எண்ணெய், பேக்கிங் பவுடர் எல்லாம் சேர்க்கச் சொல்கிறார். என்னிடம் மெஷின் கிடையாது, பூரிக்கட்டையும் கத்தியும்தான். எந்தக் கணக்கில் பிசைவது, எவ்வளவு மெல்லியதாகத் தேய்ப்பது, சூப்பிலேயே போட்டு வேகவைக்கலாமா அல்லது தனியாக வேகவைக்க வேண்டுமா, அப்புறம் மிச்சம் இருந்தால் மறுநாள் எல்லாம் ஊதிக் கூழாகப் போகாமல் இருக்க என்ன வழி? செய்து பழகியவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் நல்லது.

மாவுக்கை எழுதியது:

மெஷின் வேண்டவே வேண்டாம். சூப் நூடுல்ஸ் கொஞ்சம் தடிமனாக, ஒழுங்கில்லாமல் இருந்தால்தான் நன்றாக இருக்கும், அதனால் கையால் தேய்ப்பது இங்கே குறையே இல்லை.

கணக்கு இதுதான்: 100 கிராம் மைதாவுக்கு ஒரு பெரிய முட்டை, ஒரு சிட்டிகை உப்பு. பால், பேக்கிங் பவுடர் எல்லாம் விட்டுவிடுங்கள். பேக்கிங் பவுடர் போட்டால் நூடுல்ஸ் உப்பிப் பஞ்சாகும், நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். ஓடு நீக்கிய பெரிய முட்டை சுமார் 50 கிராம் இருக்கும், அதில் முக்கால் பங்கு தண்ணீர்தான், ஆகவே மாவை நனைக்க அதுவே போதும். முட்டை சிறியதாக இருந்தால் தராசில் வைத்துப் பாருங்கள், 50 கிராமுக்கு எவ்வளவு குறைகிறதோ அந்த அளவு தண்ணீர் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும். எண்ணிக்கையை நம்புவதைவிட எடையை நம்புங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

பிசைய ஆரம்பிக்கும்போது மாவு ஒன்று சேராமல் உதிரி உதிரியாக நின்று, இது தேறாது என்று தோன்றும். அந்த இடத்தில்தான் பலர் தண்ணீர் ஊற்றிக் கெடுக்கிறார்கள். ஊற்றாதீர்கள். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அழுத்தித் தள்ளி, மடித்து, மறுபடி தள்ளி, எட்டுப் பத்து நிமிடம் விடாமல் பிசைந்தால் தானே ஒன்று சேர்ந்து மழமழவென்று வரும். கை வலிக்கும், வலிக்கத்தான் செய்யும். மாவு எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் சூப்பில் நூடுல்ஸ் தாக்குப்பிடிக்கும், நீங்கள் கேட்ட "ஊதிப் போகாமல்" என்பதற்குப் பாதி பதில் இங்கேயே இருக்கிறது.

பிசைந்த உருண்டையைக் காற்றுப் புகாமல் மூடி அரை மணி நேரம் விடுங்கள். இதை மட்டும் தவிர்க்க வேண்டாம். மாவுத்துகள் ஒவ்வொன்றும் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ள அந்த நேரம் தேவை, பிசைந்ததில் முறுக்கேறிய குளூட்டனும் (மாவுக்கு இழுவை தரும் கோதுமைப் புரதம்) தளரும். உடனே தேய்த்தால் ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் சுருங்கிக்கொண்டே வரும், கோபம்தான் மிஞ்சும்.

தேய்ப்பது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு. வெந்ததும் நன்றாகப் பருக்கும், ஆகவே "இது போதும்" என்று தோன்றிய பிறகும் இன்னும் கொஞ்சம் தேயுங்கள். மொத்த மாவையும் ஒரே தடவையில் தேய்க்கப் போராட வேண்டாம், இரண்டு மூன்று துண்டாக்கி ஒன்றைத் தேய்க்கும்போது மற்றதை மூடி வையுங்கள். தேய்த்த தாளைப் பத்து நிமிடம் அப்படியே விட்டால் மேலே பிசுபிசுப்பு போய்விடும், ஆனால் மடித்தால் உடையாது. அந்தப் பதத்தில் மாவு தூவி, தளர்வாகச் சுருட்டி, கூரான கத்தியால் நேராக அழுத்தி வெட்டுங்கள், அறுக்க வேண்டாம். வெட்டிய உடனே விரலால் உதறிப் பிரித்துவிடுங்கள், சுருளாகவே விட்டால் ஒட்டிக்கொண்டு வட்டு வட்டாகத்தான் கிடைக்கும். தூவுவதற்கு மைதாவைவிட ரவையோ கார்ன்ஃப்ளவரோ மேல், மைதா ஈரத்தோடு சேர்ந்து பசையாகும்.

இன்னொன்று, சூப்புக்கு நீளமாக வெட்டாதீர்கள். ஸ்பூனில் எடுத்துச் சாப்பிடுவது, ஐந்தாறு சென்டிமீட்டர் போதும். நீளமாக இருந்தால் சட்டைதான் சூப் குடிக்கும்.

தெளிசூப் எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி. வேகவைப்பதைப் பற்றி நான் சொல்கிறேன்: தனியாகத்தான், வேறு பேச்சே இல்லை.

நூடுல்ஸின் மேல் ஒட்டியிருக்கும் மாவு முழுவதும் கொதிக்கும் தண்ணீரில் கரையும். அது சூப்பில் கரைந்தால், நீங்கள் எலும்பை மெதுவாகக் கொதிக்கவிட்டு நுரை எடுத்துத் தெளிவாக்கிய உழைப்பு அத்தனையும் வீண். அகலமான பாத்திரத்தில் 100 கிராம் நூடுல்ஸுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது வைத்து, உப்புப் போட்டு, தளதளவென்று கொதிக்கும்போது போடுங்கள், போட்டதும் ஒரு கிளறு. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்கு இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும், ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள், நடுவில் வெள்ளையாக மாவுக்கோடு தெரியக் கூடாது, ஆனால் பல்லுக்குக் கொஞ்சம் எதிர்ப்பு இருக்க வேண்டும். வடிகட்டி ஒரு தடவை குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். சாஸோடு கிளறும் வகைக்கு அலசக் கூடாது, சாஸ் பிடிக்காது. சூப்புக்கு அலசினால்தான் நல்லது, மேலே இருக்கும் ஸ்டார்ச் போய்விடும், வேவதும் அங்கேயே நின்றுவிடும்.

பிறகு கிண்ணத்தில் நூடுல்ஸைப் போட்டு அதன்மேல் கொதிக்கக் கொதிக்க சூப்பை ஊற்றுங்கள். பானையில் கொட்டாதீர்கள். கோதுமை ஸ்டார்ச் 60 டிகிரி சுற்றிலும் தண்ணீரை இழுத்து வீங்கத் தொடங்கும், அடுப்பை அணைத்த பிறகும் பானையில் சூப் வெகுநேரம் அந்தச் சூட்டுக்கு மேலேதான் இருக்கும், அதனால் நூடுல்ஸ் உள்ளே கிடந்து ஊறிக்கொண்டே போகும். மறுநாள் மூடியைத் திறந்தால் சூப்பைக் காணோம், நூடுல்ஸ் மட்டும் இருக்கும். மிச்சம் இருந்தால் சூப் ஒரு டப்பா, ஒரு சொட்டு எண்ணெய் பிசிறிய நூடுல்ஸ் வேறு டப்பா, இரண்டும் ஃப்ரிட்ஜில்.

கலங்கினால்_என்ன எழுதியது:

தெளிசூப் சொல்வது ஹோட்டலில் பரிமாற. வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து ஒரே வேளையில் பானையைக் காலி செய்யப் போகிறார்கள் என்றால் சூப்பிலேயே போட்டு வேகவைப்பதுதான் ருசி என்பேன். வெறும் உப்புத் தண்ணீரில் வெந்த நூடுல்ஸ் வெறும் நூடுல்ஸ்தான், சூப்பில் வெந்தால் உள்ளே வரைக்கும் சூப் ஏறியிருக்கும். கரைகிற மாவு சூப்பைக் கொஞ்சம் கெட்டியாக்கும், எனக்கு அந்தக் கொழகொழப்பு பிடிக்கும், கண்ணாடி மாதிரி தெரிந்தால்தான் சூப் என்று யார் சொன்னது?

இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போடுவதற்கு முன் ஒரு சல்லடையில் உதறித் தூவல் மாவை நன்றாகக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கொழகொழப்பு பசையாகிவிடும். அப்புறம் சூப்பை வழக்கத்தைவிடத் தண்ணியாக வைத்துக்கொள்ளுங்கள், நூடுல்ஸ் தன் பங்குக்குக் குடித்துவிடும். காய்கறி எல்லாம் வெந்த பிறகு கடைசியாகப் போட்டு, வெந்ததும் உடனே பரிமாறிவிட வேண்டும். யாராவது ஒருவர் தாமதமாக வருவார் என்றால் இந்த முறை வேண்டாம், அவருக்குக் கூழ்தான் கிடைக்கும்.

தெளிசூப் எழுதியது:

"ஒரே வேளையில் காலி செய்தால்" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் அல்லவா, அப்புறம் எனக்குச் சண்டை இல்லை. அவர் கேட்டது மறுநாளைக்கும் சேர்த்து. உள்ளே சூப் ஏற வேண்டும் என்றால் தனியாக வேகும்போது ஒரு நிமிடம் முன்னதாகவே எடுத்து, கிண்ணத்துக்குரிய சூப்பில் மட்டும் அந்தக் கடைசி நிமிடத்தை முடிக்கலாம், இரண்டு பக்கமும் சமாதானம்.

மஞ்சள்கரு எழுதியது:

முழு முட்டையா மஞ்சள் கரு மட்டுமா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

வெள்ளைக் கருவில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மிச்சம் பெரும்பாலும் புரதம். அந்தப் புரதம் சூட்டில் இறுகும், நூடுல்ஸுக்குக் கடிபடும் உறுதி அதிலிருந்து வருகிறது. மஞ்சள் கருவில் பாதியளவுதான் தண்ணீர், கொழுப்பு நிறைய. கொழுப்பு குளூட்டன் இழைகளை அதிகம் பின்னவிடாது, அதனால் மஞ்சள் கரு மட்டும் போட்டுப் பிசைந்தால் நல்ல நிறமும் வாசனையும் மென்மையும் கிடைக்கும், ஆனால் முழு முட்டை போட்டதற்கு இருக்கும் அந்த விறைப்பு இருக்காது. 100 கிராம் மாவை நனைக்க ஐந்து மஞ்சள் கரு வரை வேண்டியிருக்கும், மிஞ்சும் ஐந்து வெள்ளைக் கருவை என்ன செய்வது என்பது தனிக் கவலை.

அவ்வளவு செலவழித்துச் செய்ததை வெண்ணெயில் பிரட்டிச் சாப்பிடுவேன், சூப்பில் போட்டு மூழ்கடிக்க மாட்டேன். சூப்புக்கு நான் செய்வது நடுவாந்தரம்: 200 கிராம் மாவுக்கு ஒரு முழு முட்டை, மூன்று மஞ்சள் கரு. முதல் தடவை செய்பவர் மாவுக்கை சொன்ன கணக்கிலேயே போகலாம், அதில் குறை ஒன்றும் இல்லை.

நீராவி எழுதியது:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. தனியாக வேகவைப்பதாக முடிவு செய்துவிட்டேன், கலங்கினால்_என்ன மன்னிக்கவும். இன்னும் இரண்டு கேள்வி. முந்தின நாளே வெட்டிக் கொடியில் போட்டுக் காயவைத்து டப்பாவில் அடைத்து அலமாரியில் வைக்கலாமா? படங்களில் நாற்காலி முதுகில் எல்லாம் தொங்கவிட்டிருக்கிறார்கள். அப்புறம் மைதாவுக்குப் பதில் முழுக் கோதுமை மாவு போட்டால் வருமா?

பனிப்பெட்டி எழுதியது:

கொடியில் இரவு முழுக்கத் தொங்கவிடுவது படத்துக்கு அழகு, வயிற்றுக்கு இல்லை. பச்சை முட்டை சேர்ந்த ஈரமாவு அது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிருமிகள் வேகமாகப் பெருகும், சால்மொனெல்லாவும் அதில் சேர்த்தி. வெளியே வைப்பது அதிகபட்சம் இரண்டு மணி நேரம், வெக்கையான நாளில் அதற்கும் குறைவு. கடையில் கிடைக்கும் காய்ந்த முட்டை நூடுல்ஸ் அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கிறதே என்றால், அங்கே வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து கட்டுப்படுத்திக் காயவைக்கிறார்கள், நாற்காலி முதுகில் அது நடக்காது. மேலே காய்ந்தது போலத் தொட்டால் தெரியும், நடுவில் ஈரம் இருக்கும்.

ஃப்ரீசர் இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம். வெட்டிய நூடுல்ஸைப் பத்து இருபது நிமிடம் ஆறவிட்டு, ஒரு கிண்ணத்துக்கு 50 கிராம் என்று கைப்பிடி கைப்பிடியாகத் தளர்வாகச் சுற்றி, ரவை தூவிய தட்டில் இடைவெளி விட்டு வைத்து ஃப்ரீசரில் வையுங்கள். கல்லாக இறுகியதும் ஒரே பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி மூடிவிடலாம். இரண்டு மாதம் வரை ருசி கெடாது. முக்கியமாக, வெளியே எடுத்து இளகவிடாதீர்கள், இளகினால் மொத்தமும் ஒட்டி ஒரே உருண்டை. ஃப்ரீசரிலிருந்து நேராகக் கொதிக்கும் தண்ணீருக்கு, வேகும் நேரம் ஒரு நிமிடம் கூடும்.

ஃப்ரிட்ஜில் என்றால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. பிசைந்த உருண்டை மறுநாள் கொஞ்சம் சாம்பல் பூத்தது போல நிறம் மாறலாம். மாவில் இருக்கும் நொதி காற்றுபட்டுச் செய்யும் வேலை அது, பார்க்க நன்றாக இருக்காது, மற்றபடி கெடுதல் இல்லை. உப்புச் சரியா என்று பச்சை மாவை மட்டும் வாயில் போட்டுப் பார்க்காதீர்கள், முட்டை மட்டும் அல்ல, வேகாத மைதாவும் பாதுகாப்பானது இல்லை.

மாவுக்கை எழுதியது:

முழுக் கோதுமை மாவு பற்றி: வரும், ஆனால் முழுக்க அதையே போட்டால் சூப்பில் உடைந்து போக வாய்ப்பு அதிகம். தவிட்டுத் துணுக்குகள் குளூட்டன் வலையை அங்கங்கே அறுத்துவிடும். பாதிக்குப் பாதி மைதாவோடு கலந்து ஆரம்பியுங்கள். தவிடு தண்ணீர் அதிகம் குடிக்கும், 100 கிராம் கலவைக்கு முட்டையோடு ஒன்றிரண்டு டீஸ்பூன் தண்ணீர் வேண்டியிருக்கும். ஊறும் நேரம் ஒரு மணி. இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாமல் தேயுங்கள், மெல்லியதாகத் தேய்த்தால் ஓரம் பிளக்கும். வேக அரை நிமிடம் ஒரு நிமிடம் கூட ஆகலாம், கடித்துப் பார்த்தே எடுங்கள்.

நீங்கள் 200 கிராம் மாவு, இரண்டு முட்டையோடு ஆரம்பித்தால் 300 கிராம் வரும், ஆறு கிண்ணம் சூப்புக்குத் தாராளம். அதற்கு மேல் ஒரே தடவையில் பிசைய வேண்டாம், கை ஓய்ந்து பாதியிலேயே தண்ணீர் ஊற்றத் தோன்றும்.