எங்கள் ஊர்க் கழகத்தின் பழைய விவரங்கள் தேவை

வணக்கம் உறவுகளே. வடமராட்சியில் உள்ள எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாற்றை வெள்ளவத்தையில் இருந்துகொண்டு எழுதி வருகிறேன். கழகத்தின் கூட்டறிக்கைப் புத்தகமும் படங்களும் இடப்பெயர்வில் போய்விட்டன. யாழ்ப்பாணப் பொது நூலகமும் 1981இல் எரிந்தது. மிச்சம் பெரியவர்களின் ஞாபகம்தான். அவர்களும் ஒவ்வொருவராய்ப் போகிறார்கள், அதனால்தான் இந்த அவசரம்.

கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் பழைய வீரகேசரி, தினகரன் இதழ்களைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. அனுமதி எப்படி எடுப்பது? விளையாட்டுப் பக்கங்களைப் படம் எடுக்க விடுவார்களா?

பிறகு, அறுபது எழுபதுகளில் வடமராட்சியில் விளையாடிவிட்டு வேலைக்காகக் கொழும்புக்கு வந்த ஐயாமார் உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து கேட்டு எழுதுகிறேன். அணிப் படம் ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம். பின்பக்கத்தில் பெயர்கள் இருந்தால் இன்னும் நல்லது.