கியர் குமிழை நம்பாதீர்கள்: பழைய பிக்கப்போடு நம் அனுபவங்கள்

வயல்காரன், கிளிநொச்சி

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய பிக்கப்புகளுக்கு வந்த மவுசு இலங்கையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் நானும் ஒரு ஹைலக்ஸ் டபுள் கேப் வாங்கினேன். எல்என்106 மொடல், 2.8 லீட்டர் டீசல். என்னைவிட நாலு வயசுதான் இளையது. "கியர் பொக்ஸ் போன வருசம்தான் மாத்தினது, புதுசு மாதிரி" என்றார் விற்றவர். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு ஏ9 வீதியில் ஏறினேன். ஒரு மாட்டுக்கு வேகத்தைக் குறைத்து மூன்றிலிருந்து இரண்டுக்குப் போட்டதுதான் தாமதம், காலுக்குக் கீழே 'கிர்ர்ர்'.

கியர் தடியோ கறிச்சட்டிக்குள் அகப்பை சுழல்கிற மாதிரிச் சுழன்றது. தடியின் தலையில் இருக்கும் குமிழில் நாலு கியர்தான் கீறியிருந்தது. ஐந்தாவது ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு இரண்டாம் நாள்தான் தெரியவந்தது. வேறு ஏதோ வண்டியின் குமிழை யாரோ கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.

சாமான் வாங்கப் போனால் முதல் கேள்வி, "என்ன பொக்ஸ்?" பொனட்டைத் திறந்து தகட்டைப் பார்த்தேன். கியர் பொக்ஸுக்கும் அக்சிலுக்கும் உரிய வரியில் ஜி52 என்று பொக்ஸின் இலக்கம் அடித்திருந்தது. ஆனால் அந்தத் தகடு வண்டியின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் மாதிரி. பிறகு யாரைக் கட்டியது என்று அதில் இராது. அதுவும் 'மாத்தினது' என்று வேறு சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் கராஜ் அண்ணை ஒரு வேலை செய்தார். முன் சக்கரத்துக்கு அணை கொடுத்து, பின் சக்கரம் இரண்டையும் தூக்கி நிறுத்தினார். குளோ பிளக்குகளைக் கழற்றினார், அந்த ஓட்டைகளால் காற்று வெளியேறாவிட்டால் டீசல் எஞ்சினைக் கையால் சுற்ற முடியாது. கிராங்க் புல்லியில் ஒரு சோக்குக் கோடு, பின் ஷாஃப்டில் ஒரு கோடு. முதல் கியரைப் போட்டு ஸ்பானரால் எஞ்சினைச் சுற்ற, நான் கீழே படுத்திருந்து எண்ணினேன். ஷாஃப்ட் ஒரு சுற்று வர எஞ்சின் நாலுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியது. "சரி, ஹைலக்ஸ் பொக்ஸ்தான்" என்றார். வேடிக்கை என்னவென்றால், பெட்ரோல் ஹைலக்ஸில் வரும் டபிள்யூ56க்கும் முதல் கியர் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான். அரை நாள் படுத்துக் கிடந்தும் பாதிப் பதில்தான் கிடைத்தது.

ஒயிலைப் பார்ப்போம் என்று அடுத்த வேலை. இதை ஒருதரும் மறக்காதீர்கள்: நிரப்புகிற மூடியை முதலில் கழற்றுங்கள், வடிக்கிற மூடி பிறகு. வடித்துவிட்டு மேல் மூடி இறுகிக் கிடந்தால் வண்டி அங்கேயே நிற்கும். இரண்டுக்கும் 24 ஸ்பானர். வந்த ஒயில் தேன் மாதிரி, 140 என்கிற தடித்த ஒயிலாக இருக்க வேணும். சத்தத்தை மறைக்க யாரோ ஊற்றியிருக்கிறார்கள். அதைவிட இளகின 75டபிள்யூ-90 ஒயிலை, ஜிஎல்-4 தரத்தில் விட்டேன். ஜிஎல்-5 தரத்திலும் விடலாம் என்று சொல்வோர் உண்டு. பித்தளை சிங்க்ரோ வளையத்துக்கு (கியர் விழுமுன் வேகத்தை ஒத்துவரச் செய்கிற வளையம்) எனக்கு ஜிஎல்-4தான் மனசுக்கு ஒத்துவந்தது. கியர் விழுவது கொஞ்சம் லேசானது, ஆனால் இரண்டாவது இன்னும் உறுமுகிறது. உங்கள் வண்டிகளோடு நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பனிக்காட்டான், மிச்சிகன்

உங்க சாக்பீஸ் கணக்கைப் படிச்சுட்டுச் சிரிச்சேன். என்னோட வண்டி 1978 செவ்ரோலே கே20. அதுல இருக்கறது எஸ்எம்465, நாலு கியர், வார்ப்பிரும்புக் கூடு. நீங்க எண்ணின மாதிரி எண்ணினா முதல் கியருக்கு ஆறரைச் சுற்று வரும், 6.55. ஜிஎம் இந்தப் பெட்டியை 1968லேர்ந்து 1991 வரைக்கும் போட்டாங்க. க்ளவ் பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிற தாள்ல எம்20ன்னு இருந்தா இதுதான்.

முதல் கியர் பேருக்குத்தான். மரக்கட்டை ஏத்திக்கிட்டு மேட்டுல கிளம்பும்போது தவிர நான் தொடறதே இல்லை, எப்பவும் இரண்டாவதுலதான் எடுப்பேன். முதலுக்கு சிங்க்ரோ கிடையாது, வண்டி முழுசா நின்னாத்தான் ஒழுங்கா விழும். நாலாவது நேரடி ஒண்ணுக்கு ஒண்ணு, அதுக்கு மேல எதுவும் இல்லை. நெடுஞ்சாலையில பக்கத்து சீட்டுக்காரரோட பேச்சு நின்னுடும். ஜனவரிக் காலையில தடியை நகர்த்தறது ஆறிப்போன களியைக் கிண்டற மாதிரி.

உங்க தடி ஆட்டத்துக்குப் பெட்டியைத் திறக்கணும்னு அவசியமே இல்லைங்க. டொயோட்டால தடியோட அடியில, அது ஆடாம பிடிக்கிற ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷும் (சின்ன உறை) இருக்கையும் இருக்கும். அதை மாத்திட்டு அப்புறம் பேசுங்க.

பழைய சாரதி, மன்னார்

தம்பி வயல்காரன், சத்தத்தை முதலில் பிரித்துப் பாரும். நியூட்ரலில் எஞ்சின் ஓடும்போது இரைகிறதா? கிளச்சை மிதித்ததும் நின்றால் பொக்ஸின் முன் பெயரிங். மிதித்ததும் தொடங்கினால் கிளச் பெயரிங். இரண்டும் இல்லாமல் கியர் மாற்றும்போது மட்டும் உறுமினால் சிங்க்ரோ.

வளையம் வரும்வரை கால் வேலையால் ஓட்டலாம். இறக்கும்போது கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு எடும். காலை விடும். அக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டும். திரும்ப மிதித்து இரண்டைப் போடும். சிங்க்ரோ இல்லாத லொறிகளை நாங்கள் இப்படித்தான் ஓட்டினோம். தட்டு கூடினாலும் உறுமும், குறைந்தாலும் உறுமும். காதால் பிடிக்க வேணும். பாட்டை நிற்பாட்டிவிட்டு ஓட்டும்.

வயல்காரன், கிளிநொச்சி

பதில் போட்ட இரண்டு பேருக்கும் நன்றி. முதலில் தடி. மேல் ரப்பரைத் தூக்கி, மூடியை அமத்தி இடப்பக்கம் திருப்பினால் தடி அப்படியே கையோடு வந்துவிட்டது. நுனியில் புஷ் என்று ஒன்றுமே இல்லை. குழிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால் பழைய புஷ்ஷின் துண்டுகள் ஒயிலுக்குள் நண்டு ஓடு மாதிரிக் கிடந்தன. குறட்டால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன், நாலு துண்டு. புதுசைப் போட்டதும் கியர்கள் எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டன.

ஐயா சொன்ன கால் வேலை பழக ஒரு மாதம் பிடித்தது. இரணைமடுப் பக்கம் வயலுக்குப் போகிற வழியில் ஆளில்லாத இடமாகப் பார்த்துப் பழகினேன். பத்துக்கு எட்டுத் தரம் சத்தமில்லாமல் விழும், மற்ற இரண்டுக்கும் மாடுகள் திரும்பிப் பார்க்கும்.

அறுவடை முடிந்த பிறகுதான் பொக்ஸை இறக்கினோம். இரண்டாம் கியர் வளையம் கூம்போடு ஒட்டியே போய்விட்டது, நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) நுழைய இடமில்லை. இந்தமுறை இலக்கம் ஒன்றும் சொல்லாமல், பழைய வளையத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கடைக்காரர் கையில் வாங்கிப் பல்லைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய் அதே வளையத்தைக் கொண்டுவந்து வைத்தார். ஜி52தான். தகடு சரி. 'மாத்தினது' என்ற கதைதான் பொய்.

குமிழை மட்டும் நான் மாற்றவில்லை. போன கிழமை வண்டியைக் கேட்டு வாங்கிப்போன மச்சான் வவுனியா வரை நாலாவதிலேயே ஓட்டிவிட்டு, "சரியான டீசல் குடிக்குது" என்று திறப்பைத் தந்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு கேட்கவில்லை.